ரயில் மலையைத் தின்றவர்கள்

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். சங்கரன்கோவில் ஸ்டேஷனில் கரண்ட் ரயில் நிற்கிறது, தலைக்கு மேலே கம்பி ஓடுகிறது. நீங்கள் எல்லோரும் கைதட்டுகிற பொம்மையாகப் போட்டுத் தள்ளிவிட்டீர்கள். நான் மட்டும் அந்தப் படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கிக் கம்பத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கம்பவுண்டர் மகள் எழுதினாள்: "ஏட்டி, எட்டாங்கிளாசுல உன் ரயில் மலையத் தின்ன கதைய முழுசா எழுதேன். எம் பேத்திக்கிட்ட சொன்னா நம்ப மாட்டேங்கா."

எழுதுகிறேன். கம்பவுண்டர் மகளே, உனக்குத் தெரிந்தது பாதிக் கதைதான். அன்றைக்கு நீ ஹாலின் மறுகோடியில் சிவப்புத் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டிருந்தாய். மீதிப் பாதி எனக்கும் ரயில்வே கேட்டுக்காரர் மகளுக்கும் அவள் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்தது. எனக்கு வயது ஐம்பத்தெட்டு, முழங்கால் இரண்டும் போய்விட்டது, இனி எந்த டீச்சர் வந்து என் காதைத் திருகப் போகிறாள்? சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். அந்த வயது வரை நான் ரயிலில் ஏறியதே இல்லை. வெட்கத்தில் உங்களிடம் சொன்னதில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் நான்கு வீடு தள்ளித் தண்டவாளம். காலை பாசஞ்சர் கேட்டைத் தாண்டும்போது அம்மா இட்லித் தட்டை இறக்குவாள். மத்தியான வண்டி போனால் அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து சாப்பிட வருவார். மெட்ராஸ் போகிற வண்டி வந்தால் விளக்கு வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு வண்டியும் எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு நேரம் பிந்தும், எத்தனை பெட்டி, எந்தப் பெட்டியில் கண்ணாடி உடைந்திருக்கிறது, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஏறியது மட்டும் கிடையாது.

காரணம் என் சொந்தக்காரர்கள். அத்தனை பேரும் நடந்து போகிற தூரத்தில் இருந்தார்கள். கல்யாணமா, சடங்கா, கருமாதியா, எல்லாம் இரண்டு தெருவுக்குள் முடிந்துவிடும். ஒரே ஒரு அத்தையை ராயகிரியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அங்கேயும் பஸ்தான்.

ஒரு நாள் துணிந்து கேட்டேன். "யப்பா, ஒரு நாளு தென்காசி வரைக்கும் ரயில்ல கூட்டிட்டுப் போங்கப்பா."

"தென்காசில நமக்கு யாரு இருக்கா?"

"யாரும் வேண்டாம். போயிட்டு அப்பிடியே திரும்பி வந்துருவோம்."

அப்பா தறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சோலி இல்லாம ரயில்ல போறதா? ஒனக்கு என்ன, கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினார். அதற்குமேல் அந்த வீட்டில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

இப்படி இருக்கையில்தான் ஆடி மாதம் பிறந்தது. பெரிய டீச்சர், அதாவது நம் தலைமை ஆசிரியை, பிரேயரில் அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். தபசுத் திருவிழாவுக்கு ஊரெல்லாம் ஜனம் வருகிறது, நம் பள்ளிக்கூடமோ ரதவீதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆகவே அறிவியல் கண்காட்சியைத் தபசு நாளை ஒட்டி வைப்போம், பொதுமக்களும் பார்க்கட்டும் என்றார். அதைவிட முக்கியமானதைச் சயின்ஸ் டீச்சர் வகுப்பில் வந்து சொன்னாள்.

"ஜெயிக்கிற மாடல் திருநெல்வேலிக்குப் போகும். செஞ்சவங்கள நான்தான் கூட்டிட்டுப் போவேன். ரயில்லதான் போவோம். பஸ்சுன்னா எனக்கு மேலநீலிதநல்லூர் தாண்டாது, வாந்தி வந்துரும்."

எனக்குக் காது அடைத்துப்போனது. தென்காசி வரைக்கும் ஒரு ரயில், அங்கே இறங்கித் திருநெல்வேலிக்கு இன்னொரு ரயில். திரும்பி வரும்போது மறுபடி இரண்டு. நாலு ரயில்! அன்றைக்கு டீச்சரின் வாந்தியை நான் வாழ்த்தின மாதிரி அவள் புருஷன்கூட அவளை வாழ்த்தியிருக்க மாட்டார்.

என்ன மாடல் செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யாரோடு சேர்ந்து செய்வது என்பதிலும் இல்லை. கேட் கீப்பரின் மகள் நம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருந்தாளே, ஒற்றைச் சடையும் கர்வமும். வருஷத்துக்கு வருஷம் ரயில்வேக்காரர் குடும்பத்துக்குக் கிடைக்கும் இலவச பாஸில் மெட்ராஸ் போய் வருகிறவள். நான் போய்க் கேட்டபோது அவள் புளியங்காயைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "ரயில் செய்யணும்னா ரயில் தெரிஞ்சிருக்கணும்லா. நீ எத்தன தடவ போயிருக்க?"

"போனதில்ல."

"மெய்யாவா? ஒரு தடவகூடவா?" கடித்த புளியங்காய் அப்படியே கையில் நின்றது. கேலி செய்வாள் என்று பயந்தேன். அவள் செய்யவில்லை.

"உள்ள எப்பிடிட்டி இருக்கும்?" என்று கேட்டேன். "ஊஞ்சல் மாதிரி ஆடுமா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஊஞ்சல்ல நீ ஆடுவ. இதுல நீ சும்மா உக்காந்திருப்ப, ஊருதான் ஓடும். சன்னல் பக்கம் இருக்கணும், அதான் முக்கியம்" என்றாள். ஊர் ஓடும் என்ற சொல்லை அன்றிரவு முழுவதும் மென்றுகொண்டே படுத்திருந்தேன்.

திட்டம் போட்டது இரண்டு பேரும் சேர்ந்துதான். ஆனால் மலை யோசனை என்னுடையது, அதை நான் யாருக்கும் விட்டுத் தர மாட்டேன். மேசை மேல் பெரிய வட்டமாகத் தண்டவாளம். அதில் மூன்று ரயில்கள், ஒன்றுக்கொன்று சமதூரத்தில். வட்டத்தின் பின்பகுதி முழுவதையும் ஒரு நீளமான மலை மூடியிருக்கும். முன்னால் இருக்கும் துண்டில் மட்டும் நம் ஊர் ஸ்டேஷன். பார்க்கிறவன் கண்ணுக்கு ஒரு ரயில்தான் தெரியும். கரி என்ஜின் புகை விட்டுக்கொண்டு ஸ்டேஷனைத் தாண்டி மலைக்குள் போகும். போன உடனே மறுபக்கக் குகையிலிருந்து டீசல் என்ஜின் வரும். அது உள்ளே போனதும் கரண்ட் என்ஜின் வரும். தாத்தா காலத்து ரயில், நம் காலத்து ரயில், பேரன் பேத்தி காலத்து ரயில், மூன்றும் ஒரே மலையைச் சுற்றி வரும்.

தண்டவாளத்துக்குக் குடைக்கம்பி. அந்த ஆடியில் எங்கள் தெருவில் ஓட்டைக் குடை ஒன்றுகூட மிஞ்சவில்லை. மழை பெய்யாத ஊரில் குடை எதற்கு என்று நாங்களே தீர்ப்புச் சொல்லி உருவிவிட்டோம். கட்டைகளுக்குக் குச்சி ஐஸ் குச்சி. பள்ளிக்கூட வாசலில் மண்ணில் கிடந்ததைப் பொறுக்கிக் கழுவிக் காயப்போட்டோம். அத்தனையிலும் இனிப்பு வாடை போகவே இல்லை. கரி என்ஜினுக்கு முகப்பவுடர் டப்பா, அதன் புகைபோக்கியில் செருகிய கரிசல் காட்டுப் பஞ்சு. டீசலுக்கு என் ஜாமெட்ரி பாக்ஸ். கரண்ட் ரயிலுக்குத் தகரச் சோப்பு டப்பா. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளை நீவி நீவி ஒட்டி, மேலே ஒரு கொண்டை ஊசியை நிமிர்த்தி வைத்தோம். பெட்டிகள் எல்லாம் தீப்பெட்டி. எரிந்துபோன மோட்டாரிலிருந்து பிரித்த செம்புக் கம்பியை ஈர்க்குச்சிக் கம்பங்களில் கட்டி மேலே ஓட விட்டோம்.

ஓட்டுவதற்கு என்ன செய்வது? பாட்டரி மோட்டாருக்கு எங்கள் இருவர் வீட்டிலும் வழியில்லை. அம்மா ராட்டையில் தார் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பொறி தட்டியது. தறி நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூல் சுற்றுகிற ராட்டை அது. பெரிய சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் நூல் எத்தனை முழம் ஓடுகிறது! மூன்று ரயிலையும் ஒரே நூலில் கோத்து, நூலை மேசைக்கு அடியில் இறக்கி ராட்டையில் மாட்டிவிட்டால் போதும். யார் கேட்டாலும் சொல்லுவேன், எங்கள் ரயில் ஓடியது நெசவு நூலில்.

"ராட்டையத் தூக்கிட்டுப் போயிட்டா தார் யாரு சுத்துவா?" என்று அப்பா கத்தினார்.

அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "நீ கொண்டு போ. நான் பக்கத்து வீட்டுல ரெண்டு நாளைக்கு இரவல் வாங்கிக்கிடுதேன். நல்லா ஓடுமாட்டி?"

"பறக்கும்மா!"

மலைக்கு மூங்கில் வளைவு, அதன்மேல் கோணிச் சாக்கு, அதன்மேல் மண். ரயில் கரைச் செம்மண்ணும் குளத்துக் கரம்பை மண்ணும் கலந்து, மைதாப் பசையில் பிசைந்து அப்பினோம். பசையில் எறும்பு வரும், கரப்பான் தின்னும் என்று சயின்ஸ் டீச்சர் கொஞ்சம் மயில்துத்தம் கொடுத்தாள். "கலந்தா ஒண்ணும் அண்டாது. ஆனா கைய நல்லாக் கழுவணும். விஷம். வாயில பட்டுச்சு, செத்துப் போவீங்க" என்றாள். நாங்கள் அன்று பத்துத் தடவை கை கழுவினோம்.

டீச்சர் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கரண்ட் ரயிலைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தாள். "நம்ம லைனுக்குக் கரண்டா? வீட்டுக்கே ஒழுங்கா வரல. சயின்சுன்னா நடக்கிறத வைக்கணும்டி, கதைய வைக்கக் கூடாது. இத எடுத்துருங்க."

எடுக்கிறோம் டீச்சர் என்றோம். எடுக்கவில்லை. கேட்டுக்காரர் மகள் ஒரு வழி சொன்னாள். ராட்டையைச் சுற்றப் போவது அவள், மேசைக்கு அடியில், சேலைத் திரைக்குள். நான் மேலே நின்று விளக்கம் சொல்ல வேண்டும். டீச்சர் வந்தால் நான் காலால் இரண்டு தட்டு தட்டுவேன். உடனே அவள் ராட்டையைத் திருப்பிச் சுற்றுவாள். டீசல் பின்னால் போகும், கரி என்ஜின் திரும்பி வரும், கரண்ட் ரயில் மலைக்குள்ளேயே இருக்கும். கம்பங்களைப் பிடுங்கி என் பாவாடை மடிப்பில் சொருகிக்கொள்வேன்.

முதல் ஓட்டம் கேட் குவார்ட்டர்ஸ் முற்றத்தில் நடந்தது. அவள் சுற்றினாள், நூல் இறுகியது, பவுடர் டப்பா ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது. பஞ்சுப் புகையோடு ஸ்டேஷனைத் தாண்டி மலைக்குள் நுழைந்தது. நான் மூச்சு விடவில்லை. மறுபக்கக் குகையில் டீசலின் சிவப்பு மூக்கு எட்டிப் பார்த்ததும் நான் போட்ட கூச்சலில் அவள் அப்பா கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார், ஏதோ வண்டிக்கு அடியில் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று.

கண்காட்சியின் முதல் நாள் காலை எங்கள் மேசைக்கு ஈ காக்கை வரவில்லை. எல்லோரும் கம்பவுண்டர் மகளின் இதயத்துக்கு முன்னால் நின்றார்கள். குளுக்கோஸ் ட்யூபில் சிவப்புத் தண்ணீர் ஏறி இறங்கியது, அவள் சைக்கிள் பம்பை அடிக்க அடிக்க ஜனம் "ஆத்தாடி!" என்றது. நான் தொண்டை கிழியக் கத்தினேன்: "வாங்க, மூணு காலத்து ரயிலப் பாருங்க!" இரண்டு பேர் வந்தார்கள், ஒருத்தர் என்னிடம் தண்ணீர்ப் பானை எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார். மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது: "ஏட்டி, கை வலிக்கி. யாருக்குச் சுத்துதேன் நான்?"

அப்போதுதான் ஒரு அம்மா வந்தாள். பனவடலிசத்திரத்துக்காரி. இடுப்பில் கூடை, நெற்றி நிறைய மண். நம் கோயிலுக்கு வருகிறவர்கள் புற்று மண் எடுப்பதும், பூசிக்கொள்வதும், நோய்க்கு ஒரு சிட்டிகை வாயில் போடுவதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் ரயிலைப் பார்க்கவே இல்லை. மலையைத்தான் பார்த்தாள்.

"ஏ பிள்ள, இது சாமி புத்து மண்ணா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஹாலின் மறுகோடியில் அத்தனை கூட்டம். நாலு ரயில், ஜன்னல், ஓடுகிற ஊர், எல்லாம் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து அங்கே போய்க்கொண்டிருந்தது.

"ஆமாம்மா" என்றேன்.

அவள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, ஒரு சிட்டிகை கிள்ளி நெற்றியில் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் வெளியே போய்ச் சும்மா இருந்தாளா? கோயிலில் வரிசை தெற்கு ரதவீதி வரைக்கும் நிற்கிறது, இங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மலையாகவே குவித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். பத்தே நிமிடம். கூட்டம் வந்தது பாருங்கள்!

மத்தியானத்துக்குள் எங்கள் மேசை முன்னால் வரிசை நின்றது. மண்ணுக்கு வந்தவர்கள் ரயிலையும் பார்த்தார்கள். பார்த்தவர்கள் நகரவில்லை. கரி என்ஜின் உள்ளே போனதும் மொத்தக் கூட்டமும் கழுத்தை அந்தப் பக்கம் திருப்பியது. டீசல் வந்ததும் விசில். வெள்ளித்தாள் ரயில் மினுங்கிக்கொண்டு வந்தபோது ஒருத்தர், "ஏலே, இது எந்த ஊரு வண்டிலே!" என்று பக்கத்தில் நின்றவரை அடித்தே விட்டார். "நம்ம ஊருக்கு வரப்போற வண்டி அண்ணாச்சி!" என்று நான் கத்தினேன். உடம்பெல்லாம் புல்லரித்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த இரண்டு மணி நேரம் மாதிரி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கப்புறம் என் கல்யாணத்தில்கூட அனுபவிக்கவில்லை.

மலை மட்டும் குறைந்துகொண்டே வந்தது. காய்ந்த மண் கிள்ளக் கிள்ள உதிர்ந்தது. ஒருத்தி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒருத்தர் ஒரு சிட்டிகையை வாயில் போட்டு மேலே பார்த்துக் கும்பிட்டார். டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. மயில்துத்தம். செத்துப் போவீங்க. ஒரு சிட்டிகைதானே, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொன்னேன். அப்புறம் இன்னொருத்தர் போட்டார். நான் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தத் திரும்பல்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மலையில் ஓட்டை விழுந்தது. முதலில் சாக்கு தெரிந்தது, யாரோ அதையும் விலக்கினார்கள். உள்ளே தன் முறைக்காகக் காத்திருந்த வெள்ளித்தாள் ரயில் பளபளத்தது. அதே நேரத்தில் பெரிய டீச்சரும் சயின்ஸ் டீச்சரும் நடுவரோடு வந்து நின்றார்கள். நடுவர் ஒரு காலேஜ் வாத்தியார். நான் காலால் இரண்டு தட்டு தட்டினேன். அந்தச் சத்தத்தில் கீழே எப்படிக் கேட்கும்? டீசல் உள்ளே போனது, கரண்ட் ரயில் கொண்டை ஊசியை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தது. சயின்ஸ் டீச்சர் என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள்.

ஆனால் வாத்தியார் குழந்தை மாதிரி சிரித்தார். குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தார், திரையை விலக்கி ராட்டையைப் பார்த்தார், வியர்வையில் குளித்துக்கொண்டிருந்த கேட்டுக்காரர் மகளுக்குக் கை கொடுத்தார். "நூலுலயா ஓடுது! மூணு காலத்தையும் ஒரே நூலுல கட்டியிருக்காங்களே!" என்று பெரிய டீச்சரிடம் திரும்பினார். "வேற எதையும் பாக்க வேண்டாம். திருநெல்வேலிக்கு இதத்தான் கொண்டுட்டுப் போகணும்."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து என் காலைக் கிள்ளியது. நான் அழுதுகொண்டே சிரித்தேன். ரயில் கிடைத்துவிட்டது!

அப்போது பார்த்தேன். வரிசையின் முன்னால் ஒரு சின்ன வயது அம்மா. இடுப்பில் கைப்பிள்ளை, அதன் கன்னமெல்லாம் சொறி. அவள் விரலை நாக்கில் நனைத்து, மலையில் தொட்டு, பிள்ளையின் வாய்க்குக் கொண்டு போனாள். பிள்ளை வாயைத் திறந்துவிட்டது.

"வேண்டாம்!" என்று வீறிட்டேன். "குடுக்காதீங்க! அது புத்து மண்ணு இல்ல! குளத்து மண்ணு! பசை போட்டிருக்கு, மயில்துத்தம் போட்டிருக்கு, விஷம்! நான் பொய் சொன்னேன்!"

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஹால் முழுக்கத் துப்பினார்கள். ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள். கம்பவுண்டரைக் கூட்டி வந்தார்கள். அவர் மண்ணை விரலில் தேய்த்து முகர்ந்து, "ஒரு சிட்டிகைக்கு ஒண்ணும் ஆகாது. எல்லாரும் வாயக் கொப்பளிங்க" என்றார். பனவடலிசத்திரத்து அம்மா மட்டும் கொப்பளிக்க மாட்டேன் என்று நின்றாள். "யாரு என்ன வேணும்னாலும் சொல்லுங்க. காலைல இருந்த வயித்துவலி எனக்குப் போயிட்டு" என்றாள். அந்தக் கைப்பிள்ளைக்கு ஒன்றுமில்லை. என் கூச்சலில் பயந்து அழுததுதான்.

பெரிய டீச்சர் எல்லோர் முன்னாலும் என் காதைத் திருகினார். "பரிசுக்கு ஆசப்பட்டு சாமி பேரச் சொல்லி ஏமாத்துனவ" என்றார். மயில்துத்தத்தைக் கொடுத்தது தான்தான் என்று சயின்ஸ் டீச்சர் சொல்லவே இல்லை. அன்றைக்கு அதை அநியாயம் என்று நினைத்தேன். அவள் முகம் அன்று எப்படி வெளுத்திருந்தது, வேலை போய்விடுமே என்று எப்படி நடுங்கியிருப்பாள் என்பது இப்போதுதான் புரிகிறது. பரிசுக்கு ஆசைப்பட்டவள் பரிசு கைக்கு வந்த நேரத்தில் ஏன் வாயைத் திறந்தாள் என்று பெரிய டீச்சர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். அவருக்கு அன்று நேரமில்லை.

இதயம் திருநெல்வேலிக்குப் போனது. ரயில் கேட்டைத் தாண்டும்போது ஜன்னலில் நீ இருந்தாய், கம்பவுண்டர் மகளே. என்னைப் பார்த்துக் கையாட்டினாய். நான் ஆட்டவில்லை. மன்னித்துக்கொள்.

கேட்டுக்காரர் மகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ராட்டை சுற்றியதில் அவள் உள்ளங்கை கொப்பளித்திருந்தது. அவளைக் கேட்காமல் நான் ஒரு பொய் சொன்னேன், அவளைக் கேட்காமலே உண்மையையும் சொன்னேன். கோபம் வராமல் என்ன செய்யும்? பத்து நாள் அவள் பக்கம் போகவே எனக்கு மூஞ்சி இல்லை.

பதினோராம் நாள் அவளே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"எங்கம்மா ஞாயித்துக்கெழம தென்காசி போறா. மாமா மகளுக்குக் காதுகுத்து. பாஸ்ல மகளுக்கும் எடம் இருக்கு."

"அதுக்கென்ன, போயிட்டு வா" என்றேன்.

"எனக்குக் காச்சல்."

நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது.

"காச்சல்னு சொன்னா காச்சல்தான்" என்று கையைத் தட்டிவிட்டாள். "யாராவது பேரு கேட்டா எம்பேரச் சொல்லணும். அப்பா பேரு எங்கப்பா பேரு. திணறக் கூடாது. நீதான் நல்லாப் பொய் சொல்லுவியே!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதது தெருவுக்கே கேட்டிருக்கும்.

அப்பாவிடம் காதுகுத்து என்று சொன்னேன். சோலி என்று ஒன்று வந்துவிட்டதால் அவருக்கு மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஞாயிறு காலை அவள் அம்மா எனக்கு அவளுடைய பச்சைப் பாவாடையைக் கட்டிவிட்டு, ஒற்றைச் சடை பின்னி, "நீ எம்மக. அம்மான்னு கூப்பிடு, அத்தைன்னு வாய் தவறிராத" என்றாள். ஏறினோம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். என்ஜின் கூவியது, ஒரு குலுங்கு, அப்புறம் ஸ்டேஷன் மெல்ல நகர ஆரம்பித்தது. நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னது சரி, ஊர்தான் ஓடியது!

கேட் வந்தது. அவள் அப்பா பச்சைக் கொடி பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் காய்ச்சல்காரி வேலி மேல் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். அவர் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டார். எனக்குக் கண்ணில் கரித்தூள் விழுந்தது. கசக்க மனமில்லாமல் மற்றக் கண்ணால் பார்த்துக்கொண்டே போனேன்.

கடையநல்லூருக்கு முன்னால் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். பாஸை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அம்மா என் தொடையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேர் என்ன பாப்பா?"

இரண்டு வாரத்துக்கு முன்னால் நூறு பேர் முன்னால் பொய்யை ஒத்துக்கொண்டு அழுதவள் நான். கண் சிமிட்டாமல் அவள் பெயரைச் சொன்னேன், இனிஷியலோடு.

"அப்பா கேட் கீப்பரா? அப்படின்னா சொல்லு பாப்போம். உங்க கேட்டுல ஒரு நாளைக்கு எத்தனை வண்டி?"

இதைக் கேட்டிருக்க வேண்டாம் அவர். காலை பாசஞ்சரில் ஆரம்பித்தேன். எது எத்தனை மணிக்கு, எது எந்தக் கிழமை பிந்தும், எத்தனை பெட்டி, எதற்குக் கரி என்ஜின், எதற்கு டீசல், நாம் உட்கார்ந்திருக்கிற வண்டியில் கடைசிக்கு முந்தின பெட்டியில் எந்த ஜன்னலில் கண்ணாடி இல்லை என்பது வரை ஒப்பித்தேன். அவர் கையைத் தூக்கிவிட்டார். "போதும்மா போதும்! கேட் கீப்பர் மகளேதான், சந்தேகமே இல்ல" என்று சிரித்துக்கொண்டு போனார். அம்மா என் தலையைத் தன் மடியில் இழுத்துப் புதைத்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தாள்.

அந்த ரயில்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. பவுடர் டப்பா என்ஜின் கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் கற்பூரம் வைக்க இருந்தது. ஜாமெட்ரி பாக்ஸின் சிவப்புப் பெயிண்ட் பத்தாங்கிளாஸ் பரீட்சை வரை என் விரலில் ஒட்டியது. ராட்டையைக் கழுவித் துடைத்து அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். வெள்ளித்தாள் ரயிலை மட்டும் கேட்டுக்காரர் மகள் எடுத்துக்கொண்டாள். கல்யாணமாகி நாக்பூர் போகும்போது கொண்டு போனாளா என்று நான் கேட்டதில்லை.

அடுத்த மாதம் நாம் எல்லோரும் நம் பள்ளிக்கூடத்தில் கூடுகிறோம் அல்லவா? நான் சென்னையிலிருந்து ரயிலில்தான் வருகிறேன். நேற்றுப் போனில் டிக்கெட் போட உட்கார்ந்தேன். பயணியின் பெயர் என்று கேட்ட இடத்தில் என் விரல் தானாக அவள் பெயரை அடித்தது. அழிக்கப் போனேன், அழிக்கவில்லை. அதற்குக் கீழே இன்னொரு பயணியைச் சேர்த்து என் பெயரைப் போட்டேன்.

ஏட்டி, கேட்டுக்காரர் மகளே, இதை நீயும் வாசித்துக்கொண்டிருப்பாய். நாக்பூரிலிருந்து சென்னைக்கு வந்துவிடு. காய்ச்சல் அது இது என்று சாக்குச் சொன்னால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க நான் அங்கேயே வந்து நிற்பேன். ஜன்னல் சீட்டு உன் பெயரில் இருக்கிறது.